பார்ப்பவர் நிற்கும் இடம்

நடுவே கிளை பரப்பி நிற்கிறது ஒரு பெரிய மரம். அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கில் தொங்குகிறார்கள். கிளையில் சாய்த்த ஏணியில் ஏறி நிற்கும் பாதிரியார், அடுத்துத் தொங்கப்போகிறவனின் முகத்துக்கு நேரே சிலுவையை நீட்டிப் பிடித்திருக்கிறார். கீழே இன்னொருவன் தன் முறைக்குக் காத்திருக்கிறான். அவனருகே ஒரு துறவி. மரத்தடியில், போர்முரசையே மேசையாக்கிக்கொண்டு இரண்டு பேர் பகடை உருட்டுகிறார்கள். தொங்குகிறவர்களிடமிருந்து கழற்றிய உடுப்புகள் குவிந்து கிடக்கின்றன. சுற்றிலும் படை அணிவகுத்து நிற்கிறது. ஈட்டிகள் நாணல் காடுபோல வானைக் குத்தி நிற்கின்றன. அவற்றுக்கும் அப்பால் கூடாரங்கள்.

இவ்வளவும் 8 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாளில் அடங்கியிருக்கின்றன. ஜாக் கலோ வரைந்து 1633இல் வெளிவந்த ‘போரின் பெருந்துயரங்கள்’ என்ற 18 அச்சோவியங்களின் வரிசையில் இது 11ஆவது.

பரோக் காலக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் நாடகத்தன்மையைப் பெரும்பாலும் உடல்களில் காட்டுவார்கள். விரிந்த கைகள், முறுக்கேறிய தசை, மேலே செருகிய கண்கள், பக்கவாட்டிலிருந்து பாயும் ஒளி. தேவாலயச் சுவரில் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும் ஓவியத்தைப் பொறுத்தவரை இது சரி. அச்சோவியத்துக்கு இந்த அளவுகோல் போதாது. கலோவின் படத்தில் மனிதன் ஒரு விரற்கடைகூட இல்லை. அவனுக்கு முகம் என்று சொல்ல இரண்டு கீறல்கள்தாம் உண்டு. அப்படியிருந்தும், அந்த நூற்றாண்டு போரைப் பற்றிச் சொன்னவற்றில் இதைவிட ஆழமாகத் தைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை. அதன் விசை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் ஒரே விடைக்குத்தான் வந்து சேர்கிறேன். பார்க்கிறவரை எங்கே நிறுத்துவது என்று அக்கால அச்சோவியக் கலைஞர்கள் முடிவுசெய்தார்கள். கதையின் பாதி அந்த முடிவில் இருக்கிறது.

சுவரோவியத்தின் முன்னால் பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டடமே தீர்மானித்துவிடும். அச்சுத்தாள் கைக்கு வந்து சேரும் பொருள். அன்றைய ஐரோப்பாவில் இத்தகைய தாள்களை வாங்கியவர்கள் ஏடுகளில் ஒட்டியோ பெட்டியில் அடுக்கியோ வைத்திருந்து, மேசைமேல் விரித்துப் பார்த்தார்கள். கலோ இந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்தவர். தூக்குமரப் படத்தைக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்தால் முதலில் தெரிவது ஒழுங்கும் அழகும்தான். சீராக நிற்கும் படை, நடுநாயகமான மரம், திறந்த வெளி. ஏதோ திருவிழாவோ என்றுகூடத் தோன்றும். குனிந்து கண்ணை அருகே கொண்டுபோனால்தான் கிளைகளில் தொங்குவது என்னவென்று புரிகிறது. இந்த இரண்டு தூரங்களுக்கு இடையில்தான் கதை நடக்கிறது. நெருங்கிப் போனது நாமாகவே செய்த காரியம். ஆகையால் கண்டதிலிருந்து நம்மை விடுவித்துக்கொள்வதும் எளிதாக இல்லை.

இவ்வளவு நுணுக்கமாகக் கீறுவதற்கு ஏற்ற கருவியும் பூச்சும் வேண்டியிருந்தன. எட்சிங்கில் செப்புத்தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, அதில் ஊசியால் கீறி, பிறகு அமிலத்தை விடுவார்கள். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிறைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் படம். இதில் பழைய மென்பூச்சு நம்ப முடியாதது. நினையாத இடத்தில் பெயரும், அமிலம் உள்ளே கசியும், பல நாள் வேலை ஒரு நொடியில் பாழாகும். கலோ அதற்குப் பதிலாக, லூட் என்ற நரம்பிசைக் கருவியைச் செய்கிறவர்கள் பயன்படுத்திய கெட்டியான வார்னிஷைப் பூசினார். அது தகட்டோடு இறுகப் பற்றியது. ஊசிக்குப் பதிலாக ‘எஷோப்’ என்ற, நுனியைச் சாய்வாகச் சீவிய கருவியை எடுத்தார். அதைக் கையில் உருட்டினால் கோடு பருக்கும், மறுபடி உருட்டினால் மெலியும். உளியால் செம்பை நேரடியாகச் செதுக்கும் எங்கிரேவிங்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்று பெற்ற அந்தப் பருத்து மெலியும் கோடு, இப்படியாக எட்சிங்குக்கும் வாய்த்தது. கலோ இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1645இல், ஆபிரகாம் போஸ் எட்சிங் நுட்பம் பற்றி ஒரு கையேடு எழுதினார். இந்த முறைகளுக்கு அவர் கலோவுக்கே நன்றி சொல்கிறார்.

அமிலத்தில் ஒரே முறை முக்கி எடுக்கிற வேலையும் கலோவுடையதல்ல. முதல் அரிப்பு முடிந்ததும் தொலைவிலிருக்கும் கூடாரங்களையும் வானையும் வார்னிஷால் மூடிவிடுவார். மறுபடி அமிலம். பிறகு நடுத்தளத்தை மூடுவார். மறுபடி அமிலம். கடைசிவரை அரிபட்ட முன்புறக் கோடுகள் கருமையாகவும் தடித்தும் வரும். முதலிலேயே மூடப்பட்ட தொலைவு மூச்சுக்காற்றுபோல மங்கி நிற்கும். தூரம் என்பது இங்கே அமிலத்தில் கிடந்த நேரத்தின் அளவு. பார்ப்பவரை இன்ன இடத்தில் நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் செம்பின் ஆழத்திலேயே பதிந்துவிடுகிறது.

இந்தத் தளப்பிரிவை அவர் கற்றது அரங்கில். லொரேன் நாட்டுத் தலைநகரான நான்சியில் 1592இல் பிறந்த கலோ, இளம் வயதிலேயே இத்தாலிக்குப் போய், ஃபிளாரன்ஸில் மெடிசி கோமகன் இரண்டாம் கோசிமோவின் ஆதரவில் வேலை செய்தார். அந்த அரசவையின் பெரும் பொழுதுபோக்கு நாடக விழாக்கள். அவற்றை அச்சோவியங்களாகப் பதிவுசெய்வது கலோவின் பணிகளில் ஒன்று. மேடையின் இரு ஓரங்களிலும் இருண்ட பக்கத்திரைகளை வைத்து நடுவை ஒளியில் விடும் உத்தி அங்கேதான் அவர் கைக்கு வந்தது. ஃபிளாரன்ஸுக்கு அருகில் உள்ள இம்ப்ருநேத்தா ஊர்ச் சந்தையை 1620இல் ஒரே தாளில் வரைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். விற்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வேடிக்கை பார்க்கிறார்கள். மறு ஆண்டு கோசிமோ இறந்ததும் கலோ ஊர் திரும்பினார். சந்தைக் கூட்டத்தை வரைந்த அதே கைதான் பின்னால் கொள்ளையடிக்கும் கூட்டத்தை வரைந்தது. அந்த ஒற்றுமையே உடலைச் சில்லிட வைக்கிறது.

முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த காலம். கூலிப்படைகளுக்கு ஊதியம் ஒழுங்காக வராது. போகிற வழியில் இருக்கும் ஊர்தான் அவர்களுக்குச் சோறு. 1633இல் பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயியின் படை நான்சியை முற்றுகையிட்டுப் பிடித்தது. அதே ஆண்டில், அந்த மன்னரின் தலைநகரான பாரிஸில், கலோவின் நண்பர் இஸ்ராயேல் ஆன்ரியே இந்தப் படவரிசையை வெளியிட்டார். தலைப்புத் தாளைத் தவிர, ஒவ்வொரு படத்தின் கீழும் ஆறு வரிச் செய்யுள் ஒன்று இருக்கிறது. மிஷேல் த மரோல் என்ற பாதிரியார் எழுதியதாகக் கருதப்படும் அந்தச் செய்யுள்கள் எல்லாவற்றுக்கும் நீதி சொல்லிக்கொண்டே போகின்றன. செய்யுள் இல்லாத முதல் பிரதிகளும் உண்டு. அவற்றையே நான் விரும்புகிறேன். படம் சொல்லாமல் விட்டதைச் செய்யுள் அவசரப்பட்டு அடைத்துவிடுகிறது.

வரிசை இப்படிப் போகிறது. ஆள் சேர்க்கிறார்கள், போர் நடக்கிறது. பிறகு ஐந்து படங்களுக்கு வீரர்கள் விடுதியையும் பண்ணையையும் கன்னிமடத்தையும் ஊரையும் வண்டியில் போகிறவர்களையும் சூறையாடுகிறார்கள். அதன்பின் பிடிபடுகிறார்கள். அடுத்த ஐந்தும் தண்டனைகள்: கயிற்றில் கட்டி உயரத் தூக்கிக் கீழே விடுதல், தூக்கு, துப்பாக்கி, தீ, சக்கரம். குற்றத்துக்கு ஐந்து, தண்டனைக்கு ஐந்து என்ற இந்தச் சமனைக் காட்டித்தான் பல அறிஞர்கள், கலோ போரை எதிர்க்கவில்லை, படை ஒழுக்கத்தைத்தான் வலியுறுத்தினார் என்கிறார்கள். அவர்கள் கையில் வேறு ஆதாரமும் இருக்கிறது. ஸ்பானியர் பிரேடா நகரைப் பிடித்த வெற்றியைப் பெரிய முற்றுகைப் படமாக அமைத்துக் கொடுத்தவர் அவர். பிரெஞ்சு மன்னருக்காக லா ரோஷல் முற்றுகையையும் வரைந்தார். ஆனால் சொந்த ஊர் விழுந்ததை வரையச் சொல்லி அதே மன்னர் கேட்டபோது, கட்டைவிரலை வெட்டிக்கொள்வேனே தவிர வரையமாட்டேன் என்று மறுத்ததாக ஒரு கதை அந்த நூற்றாண்டிலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது.

கதையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தகட்டையே பார்க்கலாம். 5ஆவது படம் பண்ணைவீட்டுக் கொள்ளை. ஒரு சுவரை எடுத்துவிட்ட வீடுபோல, மேடையின் முன்னால் நாம் உட்கார்ந்திருப்பதுபோல, உள்ளறை முழுதும் திறந்து கிடக்கிறது. பெட்டிகளை உடைக்கிறார்கள். பீப்பாய்களிலிருந்து மது எடுக்கிறார்கள். கூரையிலிருந்து இறைச்சி தொங்குகிறது. அடுப்பின் பக்கம் கண் போனால், அங்கேயும் ஒன்று தொங்குகிறது. ஒரு மனிதனைக் காலில் கட்டித் தலைகீழாக நெருப்புக்குமேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்னால் கட்டிலில் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்கிறார்கள். கலோ இவற்றில் எதற்கும் கூடுதல் ஒளி தரவில்லை, எதையும் நடுவில் வைக்கவில்லை. பெட்டி உடைப்பதும் மனிதனை வாட்டுவதும் ஒரே அளவுக் கோட்டில், ஒரே கவனத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. கொள்ளையருக்கு இரண்டும் ஒரே வேலையின் பகுதிகள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பார்ப்பவர்.

தண்டனைப் படங்களுக்கு வரும்போது இந்தக் கவனம் மாறவில்லை. இதைத்தான் ஒழுக்கவாத விளக்கம் தவறவிடுகிறது என்று நினைக்கிறேன். கொள்ளையடித்தவனைக் கொல்லும் படை, கொள்ளையடித்த படையைவிட மேலானதாக எந்தக் கோட்டிலும் தெரியவில்லை. பகடை உருட்டுகிறவர்களை மறுபடி பாருங்கள். அக்காலக் கிறிஸ்தவர் எவருக்கும், சிலுவையின் அடியில் இயேசுவின் உடைக்குச் சீட்டுப் போட்ட வீரர்கள் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது. தொங்குகிறவர்கள் திருடர்கள் என்று செய்யுள் சபிக்கிறது. பகடையோ அவர்கள் பக்கத்தில் வேறொரு மரணத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

வரிசை தண்டனையோடு முடிந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். முடியவில்லை. 15ஆவது படத்தில் கை கால் இழந்தவர்கள் கவைக்கோல்களை ஊன்றி மருத்துவமனை வாசலில். 16ஆவதில் பிழைத்தவர்கள் சாலையோரம் சாகிறார்கள். 17ஆவதில் குடியானவர்கள். இதுவரை துன்பப்பட்டவர்களாக மட்டுமே வந்தவர்கள், மரங்களுக்கிடையே மறைந்திருந்து வீரர்களை வளைத்து, கதிரடிக்கும் கோலால் அடித்துக் கொல்கிறார்கள். செத்தவர்களின் உடுப்பை உரிக்கிறார்கள். தூக்குமரத்தடியில் கிடந்த அதே உடுப்புக்குவியலின் வேலை இங்கே இவர்கள் கையில் தொடர்கிறது. அடுத்தது கடைசிப் படம்: அரியணையில் அமர்ந்த அரசர், நன்றாகப் போரிட்டவர்களுக்குப் பரிசளிக்கிறார். 17க்கும் 18க்கும் நடுவே ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரம்தான் இருக்கிறது. அந்த அரசவையில் நிற்கும் யாரும் காட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை. நாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ தொகுதியோடு ஒப்பிட்டுக் கலோவைக் குளிர்ந்தவர் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1810களில் கோயா வரைந்து, அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து 1863இல்தான் வெளிவந்த அந்தத் தொகுதியில், தூக்கில் தொங்கும் ஒருவனுக்கு எதிரே ஒரு வீரன் கையை ஊன்றிச் சாய்ந்தபடி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. முன்னால் ஒரு பிணம், எதிரே ஒரு பார்வையாளன், பக்கத்திலேயே நாம். நெஞ்சை அடைக்கும் படம்தான். ஆனால் கோயா தன் கோபத்தை நமக்கு நேராகக் கையளிக்கிறார். கலோ கையளிப்பதில்லை. ஒரு படை முழுவதும் வரிசை குலையாமல் நின்று பார்க்கும் காட்சியில், அந்த வரிசைக்கு வெளியே நமக்கு இடம் உண்டா என்று நம்மையே தேட விடுகிறார். இதைக் குளிர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே காலத்து ஆன்ட்வெர்ப்பில் நடந்ததை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓவியர் ரூபன்ஸ் தன் பெரிய ஓவியங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கிப் பரப்ப, லூக்காஸ் வோர்ஸ்டர்மன் போன்ற அபாரத் திறமையுள்ள செதுக்குநர்களை வைத்திருந்தார். பிறர் நகலெடுக்காமலிருக்க 1620ஐ ஒட்டி மூன்று அரசுகளிடம் உரிமையும் வாங்கினார். வண்ணத்தின் பளபளப்பையும் தசையின் திரட்சியையும் கறுப்பு மையில் கொண்டுவந்த அந்தத் தாள்களின் தொழில்திறன் வியக்கத்தக்கது. ஆயினும் அவை ஓவியத்தின் முன்னால் நிற்கும் இடத்தையே நமக்கும் தருகின்றன. தகட்டுக்கென்று ஓர் இடத்தை அவை தேடவில்லை.

தேடியவர் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட். இளம் வயதில் லைடன் நகரில் அவர் எட்சிங்கில் வரைந்த பிச்சைக்காரர்களிடம் கலோவின் பிச்சைக்காரர்களுடைய சாயல் தெளிவாகத் தெரியும். 1650களில் அவர் வெகுதூரம் வந்துவிட்டார். அமிலத்தைக் கைவிட்டு, ஊசியால் செம்பை நேரே கிழிக்கும் ட்ரைபாயின்ட் முறையில் இரண்டு பெரிய தகடுகளைச் செய்தார்: 1653இல் ‘மூன்று சிலுவைகள்’, 1655இல் ‘மக்கள் முன் நிறுத்தப்பட்ட கிறிஸ்து’. இரண்டும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலம்.

ட்ரைபாயின்டில் ஊசி கிழிக்கும்போது செம்பு கோட்டின் ஓரத்தில் பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு, அச்சில் வெல்வெட்டைப் போன்ற கருமையைத் தரும். ஆனால் உருளை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பிசிறு நசுங்கும். சில பத்துப் பிரதிகளுக்குள் கருமை வெளிறிவிடும். இந்தப் பிசிறு நசுங்காமல் படிய மிருதுவான தாள் வேண்டும் என்று ரெம்ப்ராண்ட் ஜப்பானியத் தாளைத் தேடி வாங்கினார். அந்தத் தாள் வந்தது, நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிபம் செய்த அதே டச்சுக் கம்பெனி ஜப்பானோடு நடத்திய வாணிபத்தின் வழியாகத்தான். சில பிரதிகளை ரெம்ப்ராண்ட் தோல்தாளிலும் எடுத்தார். அதில் மை உறிஞ்சப்படாமல் பரவி, உருவங்களின் விளிம்புகள் கரைந்து நிற்கும்.

‘மக்கள் முன் நிறுத்தப்பட்ட கிறிஸ்து’வை முதலில் அவர் மரபுப்படியே அமைத்தார். ஒரு கல்மேடை. அதன்மேல் தலைப்பாகை அணிந்து கையில் கோலுடன் ரோம ஆளுநர் பிலாத்து. பக்கத்தில் கைகள் கட்டப்பட்ட இயேசு. இன்னொரு கைதியான பரபாஸும் அருகே. மேடைக்கு முன்னால் ஒரு பெருங்கூட்டம். லூக்காஸ் வான் லைடன் 1510இல் செதுக்கிய இதே காட்சியின் அமைப்பை ரெம்ப்ராண்ட் நெருக்கமாகப் பின்பற்றினார். அந்தக் கூட்டம் அசாத்தியமானது: முதுகு காட்டி நிற்பவர்கள், திரும்பிப் பேசுகிறவர்கள், கை நீட்டுகிறவர்கள். பண்டிகைக்கு ஒரு கைதியை விடுவிக்கும் வழக்கத்தின்படி இவர்களில் யாரை விடட்டும் என்று பிலாத்து கேட்கிறான். கூட்டம் பதில் சொல்கிறது. நாம் அந்தக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறோம்.

தகட்டை மாற்றிப் பிரதியெடுக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். ஐந்து நிலைகள்வரை கூட்டம் அப்படியே இருக்கிறது. நடுவில், நான்காம் நிலையில், தகட்டின் மேற்புறத்தில் ஒரு கீற்றை வெட்டிக் குறைத்தார். அதுவரை முழுப்படத்துக்கு ஒரே தாள் எட்டவில்லை, மேலே துண்டு ஒட்டவேண்டியிருந்தது. ஆறாம் நிலையில்தான் அந்தப் பெரிய காரியம். மேடைக்கு முன் நின்ற கூட்டம் முழுவதையும் செம்பிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டார். செம்பைச் சுரண்டுவது லேசான வேலையல்ல. பள்ளத்தின் ஆழம்வரை சுற்றியுள்ள உலோகத்தைச் சீவி, தேய்த்து, மழமழப்பாக்க வேண்டும். தன் தகடுகளிலேயே மிக உயிரோட்டமான ஒரு பகுதியை அப்படித் தேய்த்து அழித்தார். ஏழாம் நிலையில் அந்த வெற்றிடத்தில் கல்மேடையின் சுவர் வந்தது. சுவரில் இரண்டு இருண்ட வளைவுகள். நடுவில் தாடி வைத்த ஒரு முதியவரின் உருவம். எட்டாம் நிலையில் அந்த உருவமும் மங்கலாக்கப்பட்டது.

இதற்கு ஒரு தொழில்காரணம் உண்டு. பிரதிகள் எடுத்து எடுத்துப் பிசிறு நசுங்கியிருக்கும், கூட்டம் வெளிறியிருக்கும், தகட்டுக்கு மறுவேலை தேவைப்பட்டிருக்கும். அந்தக் காரணத்தால் செயலின் துணிவு குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வெளிறிய கூட்டத்தை மறுபடி ஆழமாகக் கீறியிருக்கலாம். அவர் கதையின் உறுப்பினர்களையே வெளியேற்றினார். இப்போது பிலாத்து கேட்கும் கேள்விக்கு முன்னால் யாரும் இல்லை, தாளைப் பிடித்திருப்பவரைத் தவிர. முதுகுகளுக்குப் பின்னால் இருந்த நம் இடம் ஒரே அடியில் முன்வரிசையாகிவிடுகிறது.

‘மூன்று சிலுவைகள்’ தகட்டில் நடந்தது இன்னும் மூர்க்கமானது. முதல் மூன்று நிலைகளில் மேலிருந்து ஒளி கூம்பாக விழுகிறது. அந்த ஒளிக்குள் அழுகிறவர்கள், மண்டியிட்ட நூற்றுவர் தலைவன், குதிரைவீரர்கள், அதிர்ந்து ஓடுகிறவர்கள் என்று எல்லோரையும் பிரித்தறியலாம். நான்காம் நிலையில் தகடு முழுவதும் கோடுகளால் மேலிருந்து கீழாக வாரி அடிக்கப்பட்டிருக்கிறது. பல உருவங்கள் சுரண்டப்பட்டுவிட்டன, பல இருளில் புதைந்துவிட்டன. பக்கச் சிலுவைகளில் ஒன்று கண்ணுக்கு அகப்படவே மறுக்கிறது. உயரமான தொப்பியணிந்த ஒரு குதிரைவீரன் புதிதாக வந்து நிற்கிறான். 15ஆம் நூற்றாண்டில் பிசனெல்லோ வார்த்த ஒரு பதக்கத்திலிருந்து ரெம்ப்ராண்ட் எடுத்த உருவம் அது. நடுப்பகலில் பூமியெங்கும் இருள் உண்டானதாகச் சுவிசேஷம் சொல்கிறது. முதல் நிலைகளில் அது நாம் பார்க்கும் இருள். நான்காம் நிலையில் பார்க்கிறவரின் மேலேயே அது கவிந்துவிடுகிறது. நல்ல பிரதியில், இருளுக்கடியில் பழைய உருவங்களின் தடங்கள் தென்படும். சுரண்டியும் முழுதாகப் போகாத ஒரு கால், ஒரு குதிரையின் முதுகு.

எந்த நிலை சிறந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிந்தையது முந்தையதன் திருத்தம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. ரெம்ப்ராண்ட் முந்தைய நிலைகளைச் சோதனைப் பிரதிகளாக ஒதுக்கி வைக்கவில்லை. ‘மூன்று சிலுவைகள்’ தகட்டில் கையெழுத்தும் ஆண்டும் மூன்றாம் நிலையிலேயே இருக்கின்றன. முந்தைய நிலைகளின் தாள்களும் வாங்கியவர்களின் கைக்குப் போய், அவர்களுடைய பெட்டிகளில் சேர்ந்தன. 1655இல் ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் கூட்டம் நிறைந்த பிரதியை வாங்கிப் போயிருப்பார். பிறகு வந்த இன்னொருவர் கூட்டம் அழிந்த பிரதியை வாங்கியிருப்பார். ஒரே செம்பிலிருந்து வந்த தாள்கள் அவை. முதலாமவர் வீட்டில் அதை விரித்து, பரபாஸைக் கேட்டுக் கூவியவர்களைப் பார்த்தார். இரண்டாமவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.